பாதிப் பாதிக் கச்சேரி

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் சங்ககிரிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பலர் மாட்டுவண்டிகளை அங்கே பாரத்துக்கு அனுப்பினார்கள். சின்னண்ணன் என்பவர் வீட்டிலிருந்தும் இரண்டு வண்டிகள் போயின. ஒன்றை ஓட்டக் கூலிக்கு ஆள் வைத்தார்கள். இன்னொன்றைச் சின்னண்ணனின் தம்பி வேலுசாமியே ஓட்டிப் போனான். கல்யாணமான பிறகும் அவனுக்குப் பயிர் வேலையில் மனம் ஒட்டவில்லை. வெளியே போய் நாலு பேரைப் பார்த்தால் தம்பிக்குப் புத்தி வரும் என்று அண்ணன் நினைத்தார்.

புத்தி வரவில்லை, பாட்டு வந்தது.

பகலெல்லாம் சுண்ணாம்புக்கல் ஏற்றுவான், இறக்குவான். பொழுது சாய்ந்து மாடுகளுக்குத் தண்ணீர் காட்டியதும் மற்ற வண்டிக்காரர்கள் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். வேலுசாமி கூலிக்காரர்களின் லைன் வீடுகளுக்குப் போய்விடுவான். அங்கே பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து மிஷின் பூட்ட வந்த பிட்டர் ஒருவன் ஆர்மோனியப் பெட்டி வைத்திருந்தான். அவன் வாசிக்க வாசிக்க வேலுசாமி விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் பிட்டர் பெட்டியை அவன் பக்கம் தள்ளினான். இரண்டு வருஷம் கழித்து அந்த பிட்டர் ஊர் திரும்பியபோது பெட்டியை அவனிடமே கொடுத்துவிட்டுப் போனான்.

வேலுசாமிக்குப் பெரிய சங்கீத ஞானம் கிடையாது. ராகத்தின் பெயர் கேட்டால் விழிப்பான். ஆனால் கண்ணால் பார்த்ததைப் பாட்டாகக் கட்ட வந்தது. கல் சுமக்கும் பெண்களைப் பற்றி, ஆற்றுக்கு மேலே கம்பியில் போகும் தொட்டியைப் பற்றி, அணை நிரம்பினால் தண்ணீருக்குள் போகப்போகிற ஊர்களைப் பற்றியெல்லாம் பாடினான். முழுகப்போகும் ஊரிலிருந்து கிளம்புகிற ஒருத்தி பாடுவதாக அவன் கட்டிய பாட்டுக்குத்தான் கூட்டம் அதிகம்.

ஆத்தோரம் எங்க ஊடு, அடுப்படியில் மூணு கல்லு
பாத்தியோரம் வாழை நட்டோம், பழம் பழுக்க நாமில்லே

என்று அது ஆரம்பிக்கும். தெலுங்கு மட்டும் தெரிந்தவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்கள்.

அணை வேலை முடியும் சமயத்தில் அவனுக்கு மலைக்காய்ச்சல் கண்டது. விட்டு விட்டு வந்த காய்ச்சலுக்குக் கை நிறையக் கொயினா மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் போயிற்று. காதுக்குள் ஒரு ரீங்காரம் மட்டும் நின்றுவிட்டது. ஊருக்கு வந்த பிறகுதான் கவனித்தான், காளைகளின் கழுத்துமணி கேட்கவில்லை. கிணற்றடியில் கத்தும் மீன்கொத்தி வாயைத் திறப்பது தெரிந்தது, சத்தம் வரவில்லை. கனத்த சத்தங்கள் கேட்டன. மெல்லியவையும் கீச்சென்றவையும் போய்விட்டன. நாளாக ஆக, கேட்கிறவற்றின் எல்லை இன்னும் சுருங்கியது.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் சுற்றுவட்டாரத்தில் அவனைப் பாடக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கோயில் நோம்பி, கல்யாணம், சந்தைப்பேட்டை என்று எங்கே கூப்பிட்டாலும் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒற்றை ஆளாகப் போவான். எந்த நாடகக் கம்பெனியிலும் சேரவில்லை. பெட்டியில் எந்தக் கட்டையை அமுக்கினால் என்ன வரும் என்பது விரலுக்குத் தெரியும், விரல் போன இடத்துக்குக் குரல் போகும். சொந்தப் பாட்டு வரைக்கும் அது போதுமாக இருந்தது.

சூரமங்கலத்தில் ரயில்வேத் தொழிலாளிகள் ஒரு வாசகசாலை நடத்தினார்கள். தகரக் கூரை போட்ட ஒரே அறை. ஒரு பக்கம் பலகை மேடை, எதிரே நூறு பேர் நெருக்கி உட்காரலாம். அதன் காரியதரிசி குழந்தைவேல் சேலம் ஜங்ஷனில் விளக்கு அறை குமாஸ்தா. சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் அளந்து கொடுக்கிற வேலை. எவ்வளவு கழுவினாலும் கையில் மண்ணெண்ணெய் வாடை போகாது என்பதால் பேசும்போதெல்லாம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருப்பார். மனைவியை இழந்தவர். மென்மையான மனிதர். யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அதனால்தான் வேலுசாமி ஊர் திரும்பிய இரண்டாம் வருஷ ஐப்பசியில் ஆண்டுவிழாவுக்கு ஒரே நாளில் இரண்டு கச்சேரி ஏற்பாடாகிவிட்டது.

வேலுசாமியை அவர் போய் அழைத்திருந்தார். அது தெரியாமல் இன்னொரு அங்கத்தினர் சேலத்தில் குகை என்ற பேட்டையிலிருந்த கமலவேணி என்ற பாடகியை அழைத்துவிட்டார். விஷயம் தெரிந்த பிறகும் யாரை வேண்டாம் என்று சொல்வது என்று குழந்தைவேலுக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் வரட்டும் என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தூறல் விட்டிருந்தது. வேலுசாமி பெட்டியோடு வந்து சேர்ந்தபோது மேடையில் ஒரு பெண் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். மாநிறம், நெற்றியில் அகலமான குங்குமம்.

கமலவேணிக்குப் பூர்வீகம் ஆத்தூர்ப் பக்கம். சிறு வயதிலிருந்தே நாடகத்தில் பாடியவள். பேசும் படம் வந்த பிறகு நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகப் படக் கொட்டகைகளாயின. அவளும் ஒரு படக் கம்பெனிக்குப் போய்ப் பார்த்தாள். குரல் சரி, முகம் படத்துக்கு ஆகாது என்றார்கள். அவளுக்கு ஆர்மோனியம் வாசித்தவருக்கு மட்டும் அங்கே வேலை கிடைத்தது. அன்று வருவதாகச் சொல்லியிருந்த அவர் வரவில்லை.

குழந்தைவேல் இரண்டு பேருக்கும் நடுவே நின்று கையைத் துடைத்தார்.

"தப்பு என்மேலதான். சாயங்கால டூட்டிக்குப் போறவங்க பாதியில எழுந்து போயிருவாங்க. அப்புறம் டூட்டி முடிஞ்சு வர்றவங்க வருவாங்க. முன்பாதி அம்மா பாடட்டும், பின்பாதி நீங்க பாடுங்க. ரெண்டு பேரையும் திருப்பியனுப்ப எனக்கு மனசு வரலை."

"எனக்கு ஆட்சேபணை இல்லீங்க" என்றாள் கமலவேணி. பிறகு, மேடையோரம் குனிந்து பெட்டியின் உறையைக் கழற்றிக்கொண்டிருந்த வேலுசாமியின் முதுகுப் பக்கம் வந்து, "அண்ணா" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். எதேச்சையாகத் திரும்பியவன் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்தான்.

"எனக்கு வாசிக்கறவரு வரலை. நாலே நாலு பாட்டுக்கு நீங்க வாசிச்சீங்கன்னா போதும். எல்லாம் பழகின மெட்டுதான்."

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த வேலுசாமிக்கு வாயசைவிலும் பாதிச் சத்தத்திலுமாக விஷயம் புரிந்தது. அடுத்தவர் பாட்டுக்கு வாசிக்க வேண்டுமென்றால் அது காதில் விழ வேண்டும். அங்கேயே வேர்த்தது.

"இல்லீங் அம்மிணி. நான் என்ற சொந்தப் பாட்டுக்கு மட்டுந்தானுங்க வாசிப்பேன். மத்தவிங்களுக்கு வாசிச்சுப் பழக்கமில்லீங்க."

"சரி" என்று கமலவேணி போய்விட்டாள். தோட்டங்காடு உள்ள குடியானவர் வீட்டுப் பிள்ளை, நாடகக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால் கௌரவக் குறைவு என்று நினைக்கிறான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். அவளுக்கு அது புதிதல்ல. இருந்தாலும் வலித்தது.

சுருதிப்பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு பாடினாள். ரயிலடியில் என்ஜின் கூவினால் அது அடங்கும்வரை ஓரிடத்தில் குரலை நிறுத்தி, அப்புறம் எடுத்துக்கொண்டு போனாள். சிரிப்புப் பாட்டு, தாலாட்டு, நாடகத்தில் அரசகுமாரி காட்டில் தனியே நின்று அழுகிற பாட்டு. டூட்டிக்குப் போக வேண்டியவர்கள் வாசல்படியில் செருப்பைப் போட்டுக்கொண்டும் போகாமல் நின்றார்கள். வேலுசாமி மேடையின் ஓரத்தில் பலகையில் உள்ளங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தான். மேல் ஸ்தாயி போனபோது அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கீழே இறங்கி வந்தபோது மட்டும் பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஆள் வெளியே வருவதுபோல அந்தக் குரல் வந்தது. மறுபடியும் எப்போது இறங்கி வரும் என்று காத்திருந்தான். வாசிக்க முடியாது என்று சொன்னது அப்போதுதான் அவனுக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

என்ஜின் ஷெட்டின் சங்கு ஊதியது. பாதிக் கூட்டம் எழுந்து போய், கரியும் எண்ணெயுமாக வேறு பாதிக் கூட்டம் வந்து உட்கார்ந்தது. கமலவேணி மேடையை விட்டு இறங்கிச் சுவரோரம் உட்கார்ந்தாள். உடனே கிளம்பியிருப்பாள், வெளியே மழை பிடித்துக்கொண்டது.

வேலுசாமி இரண்டு பாட்டுப் பாடினான். கூட்டம் தாளம் போட்டது. மூன்றாவதாக முழுகிப்போன ஊரின் பாட்டை எடுத்தான். கேட்டவர்களில் சில பேர் அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தே இடம்பெயர்ந்து வந்து ரயில்வேயில் கூலி வேலைக்குச் சேர்ந்தவர்கள். அறை அமைதியாயிற்று.

இரண்டாவது அடியில் அவனுடைய விரல் பெட்டியின் வலதுகோடிக்குப் போய் ஒரு கட்டையை அமுக்கித் திரும்பியது. விரல் எடுத்த பிறகும் அந்தக் கட்டை மேலே எழவில்லை. மழை ஈரத்தில் மரம் உப்பியிருக்க வேண்டும். துருத்தி காற்றை அடிக்க அடிக்க, மேல் ஸ்தாயியில் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் நிற்காமல் கீச்சென்று அலறிக்கொண்டிருந்தது. பாட்டு வேறு எங்கோ போக, அது காதைக் குடைந்தது. முன்வரிசையில் ஒருவன் முகத்தைச் சுளித்தான். பின்னால் யாரோ சிரித்தார்கள். இன்னொருவன் காதைப் பொத்திக்கொண்டு பக்கத்திலிருந்தவனை இடித்தான்.

வேலுசாமி சிரிக்கிறவர்களைப் பார்த்தான். அவன் முகத்தில் குழப்பம்தான் தெரிந்தது. அழ வேண்டிய பாட்டுக்கு ஏன் சிரிக்கிறார்கள்? சொல் ஏதும் தவறிவிட்டதா? இன்னும் உருக்கமாகப் பாடினான். துருத்தியை இன்னும் அழுத்தமாகப் போட்டான். அலறல் இன்னும் அதிகமாயிற்று.

கமலவேணியும் முதலில் மற்றவர்களைப் போலத்தான் முகத்தைச் சுளித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். பெட்டி வாசிக்கிற எவனாலும் அந்தச் சத்தத்தை ஒரு நொடி பொறுத்துக்கொள்ள முடியாது. கை தானாகப் போய்க் கட்டையைத் தட்டிவிடும். இந்த மனிதனுடைய கை போகவில்லை. சற்று முன் முதுகுக்குப் பின்னாலிருந்து தான் இரண்டு தரம் கூப்பிட்டது அவளுக்கு நினைவுக்கு வந்தது. வாசிக்க முடியாது என்று சொன்னபோது அவன் நெற்றியில் அரும்பிய வேர்வையும் நினைவுக்கு வந்தது.

அவள் எழுந்தாள். நாடகத்தில் தன் கட்டம் வந்ததும் மேடையேறுகிற தோரணையில், புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு மேடைக்குப் போய் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். பெட்டியின் மேல் கையை வைத்துக்கொள்வதுபோல வைத்து, ஒட்டிக்கொண்டிருந்த கட்டையின் விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பித் தூக்கினாள். அலறல் நின்றது. கையை எடுத்தால் கட்டை மறுபடி இறங்கும் என்று தெரிந்ததால் எடுக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, அவன் பாடிய அடியைத் தானும் பாடினாள். மேலே போகாமல், கீழ் ஸ்தாயியில், அவனுக்குக் கேட்கிற இடத்தில் பாடினாள்.

வேலுசாமி அவளுடைய விரலைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. என்ன நடந்தது என்பது அவனுக்குப் புரிந்தது. அடியைப் பாதியிலேயே விடப் பார்த்தான். அவள் கண்ணாலேயே, ம், பாடு, என்றாள். அடுத்த அடியை எடுத்தான். அவன் ஒரு அடி, அவள் ஒரு அடி. ஊரை விட்டுக் கிளம்புகிறவளின் வார்த்தைகளை முதல்முறையாக ஒரு பெண் குரல் பாடியது. தாங்கள் ஏற்பாடு செய்ததே இப்படித்தான் என்று குழந்தைவேல் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கண்ணையும் எண்ணெய்த் துணியாலேயே துடைத்துக்கொண்டதால் எரிச்சலெடுத்து இன்னும் தண்ணீர் வந்தது.

கூட்டம் கலைந்த பிறகு வேலுசாமி பெட்டியை மூடாமல் உட்கார்ந்திருந்தான். கமலவேணி அவனுக்கு எதிரே, முகம் தெரிகிற மாதிரி வந்து உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நாளா அண்ணா?"

"ரெண்டு வருசமாச்சுங் அம்மிணி. கொயினா தின்னதுல போச்சு. யாருகிட்டயும் சொல்லலீங்க. சொன்னா யாரு பாடக் கூப்பிடுவாங்க?"

"நானும் சொல்லமாட்டேன்."

"நீங்க கேட்டப்ப வாசிக்கமாட்டேன்னது..."

"அது இப்பத் தெரிஞ்சுபோச்சு. நான் வேற மாதிரி நினைச்சுட்டேன். அதை நீங்க மனசுல வெச்சுக்கக் கூடாது."

அவன் பெட்டியை மூடிவிட்டு, "கீழ பாடினீங்களே, அது பூராவும் கேட்டுச்சுங்க" என்றான்.

அன்று வீட்டுக்கு வந்து, நடந்ததை மனைவி சின்னாயியிடம் சொன்னான். இத்தனை நாள் மறைத்ததற்கு அவள் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தான். சின்னாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியாதுங்களா மாமா? ரெண்டு வருசமா நான் உங்களப் பின்னாடியிருந்து ஒருதரமாவது கூப்பிட்டிருக்கறனா? முன்னால வந்து நின்னுதான பேசறேன். நீங்கதான் அதக் கவனிக்கலே."

அவள் மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள். "அந்தம்மிணிய ஒருநாள் ஊட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. நல்ல மனசு" என்றாள்.

அதன்பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே கச்சேரி செய்தார்கள். சங்ககிரியில் அரிசி மண்டி மாடியில், இராசிபுரத்தில் சத்திரத்துக் கூடத்தில், சின்னச் சின்ன இடங்கள்தான். முன்பாதி அவள், பின்பாதி அவன் என்ற சூரமங்கலத்து ஏற்பாட்டைக் கொஞ்சநாள் வைத்திருந்தார்கள். பிறகு அது தானாகக் கலந்துவிட்டது. கமலவேணி எப்போதும் அவனுக்கு வலப்பக்கம், வாயசைவு தெரிகிற கோணத்தில் உட்காருவாள். சுருதியை இறக்கிக்கொண்டாள். இப்படி இறக்கிப் பாடினால் குரலின் எடுப்புப் போய்விடும் என்று சில பேர் சொன்னார்கள். போகவில்லை. அவளுக்குள் இப்படி ஒரு அடிக்குரல் இருந்ததே அதற்குமுன் யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அந்தக் குரலைக் கேட்கத்தான் பிறகு ஜனம் வந்தது.

எந்த ஊரில் கச்சேரி என்றாலும் கேட்க வருகிறவர்களில் ஒருவர் மாறவில்லை. டூட்டி இல்லாத நாள் பார்த்து ரயிலிலோ சைக்கிளிலோ வந்துவிடுவார் குழந்தைவேல். மேடை விளக்குக்குத் திரி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். கண்ணாடியைத் துடைத்து வைப்பார். கமலவேணிக்கு முன்னால் வந்தால், "சௌக்கியங்களா" என்பதற்குமேல் பேச்சு வராது. மூன்று வருஷம் இப்படியே போயிற்று. வேலுசாமிக்கு இது புரியாமலில்லை. ஆனால் அவனாக எப்படிக் கேட்பது?

வெண்ணந்தூரில் நெசவாளர்கள் பஜனை மடத்தில் ஒரு கச்சேரி வைத்திருந்தார்கள். சாயங்காலம் தொடங்க வேண்டும். வேலுசாமி மேடையில் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். பாவு நூல் தொங்கவிட்டிருந்த பக்கத்து அறையில் கமலவேணி காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தைவேல் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வேலுசாமியின் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"உங்க தங்கச்சி சம்பந்தமா ஒண்ணு பேசணும்."

வேலுசாமிக்கு அப்போது காது இன்னும் மோசமாகியிருந்தது. "தண்ணிங்களா? அந்தச் சொம்புல இருக்குதுங்க."

"தண்ணி இல்லீங்க. தங்கச்சி."

"இருக்குதுங்க, நல்லாப் பாருங்க."

குழந்தைவேல் இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தினார். "கமலவேணியப் பத்தி."

"அது காப்பி குடிச்சிட்டிருக்குது. என்ன வேணுமுங்க, சத்தமாத்தான் சொல்லுங்களேன்."

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. "கமலவேணிய நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். உங்களுக்குச் சம்மதமா?"

மடம் முழுக்கக் கேட்டது. வெற்றிலை மென்றவர்கள் வாயை நிறுத்தினார்கள். எதிர்வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தறிகூட நின்றது. குழந்தைவேல் தன் கையைத் துடைக்கத் துணியைத் தேடினார், கிடைக்கவில்லை.

காப்பி டம்ளரோடு கமலவேணி வாசலில் வந்து நின்றாள்.

"இதை என்கிட்டயே மெதுவாக் கேட்டிருக்கலாமே?"

"தைரியம் வரலைங்க."

"ஊரைக் கூட்டிக் கேக்கற அளவுக்கு இருக்குதே." அவள் சிரிக்காமல் சொன்னாள். பிறகு, "பாட்டை விடச் சொல்லமாட்டீங்களே?" என்றாள்.

"நீங்க பாடலைன்னா நான் எதுக்கு இவ்வளவு தூரம் சைக்கிள் மிதிச்சுட்டு வர்றேன்?"

கமலவேணி டம்ளரிலிருந்த மீதிக் காப்பியைக் குடித்து முடித்தாள். "எங்க அண்ணன்கிட்ட கேட்டீங்க இல்ல, அவர் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கூட்டம் முழுவதும் வேலுசாமியைப் பார்த்தது. அவனுக்கு அந்தக் கடைசி வார்த்தைகள் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த நெசவாளி ஒருவர் அவன் காதருகே வாயை வைத்து அதைத் திருப்பிச் சொன்னார். வேலுசாமி எழுந்து போய்க் குழந்தைவேலின் மண்ணெண்ணெய்க் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டான்.

கஞ்சமலையில் சித்தர் கோயிலில் கல்யாணம் என்று முடிவாயிற்று. பெண்ணுக்குத் தாய்வீடு என்று யாரும் இல்லை. தாய்வீட்டுச் சீரைத் தான் கொண்டுபோவதாக வேலுசாமி சொன்னான். விஷயம் சின்னண்ணனுக்கு எட்டியது. அவர் தம்பியின் வாசலில் வந்து நின்றார்.

"நாடகக்காரிக்கு நம்ம ஊட்டுல இருந்து சீர் போறதா? நாளைக்குப் பங்காளிங்க மொகத்துல நான் எப்படி முழிக்கறது? பாடறேன்னு ஊரூராச் சுத்தினே, பொறுத்துக்கிட்டேன். இது ஆவாது."

வேலுசாமி அண்ணனின் உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். எல்லாம் புரிந்தது. எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாததால் தலையைக் குனிந்துகொண்டான்.

கணவனின் மூத்த சகோதரரிடம் நேருக்கு நேர் பேசுவது சின்னாயிக்கு வழக்கமில்லை. அவள் உள்ளேயிருந்து புருஷனிடம்தான் பேசினாள். ஆனால் புருஷனுக்குக் காது கேட்காதல்லவா? அதனால் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"மாமா, சீர்க்கூடை ரெண்டும் எடுத்து வெச்சாச்சு. சேலை நானே சேலத்துல பாத்து எடுத்துட்டேன். வெடியாலே கிளம்பணும். நானும் வாரேன். உங்க பாட்டுக்குச் சனம் சிரிச்சப்ப நம்ம பங்காளி எவனும் வந்து பக்கத்துல உக்காரலே. அந்தப் புள்ளதான் வந்து உக்காந்துச்சு."

சின்னண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

விடியற்காலையில் வேலுசாமியும் சின்னாயியும் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கஞ்சமலை அடிவாரத்தில் ரயில்வேக்காரர்கள் முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். தாலி கட்டும் முன் பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்க யார் என்று பூசாரி கேட்டார். வேலுசாமி முன்னால் வந்தான். சின்னாயி கமலவேணியின் தலையில் பூச்சரத்தை வைத்து, கலைந்திருந்த முன்மயிரை விரலால் ஒதுக்கிவிட்டாள். தன் தாய் போன பிறகு அப்படி ஒதுக்கிவிட ஒருவர் இல்லாமலிருந்த கமலவேணி அழுதுவிட்டாள். மேடையில் எத்தனையோ முறை அழுதிருக்கிறாள். அந்த அழுகை வேறு.

இதற்கு வேலுசாமி கொடுத்த விலை சின்னதல்ல. அந்தத் தை மாதமே சின்னண்ணன் பாகம் பிரித்தார். ஆற்றுப்பாசனப் பக்கம் அவருக்கும், கல்லும் முள்ளுமாகக் கிடந்த மேட்டுக்காடு தம்பிக்கும் வந்தது. நோம்பிக்குக்கூடக் கூப்பிடவில்லை. சில சொந்தக்காரர்கள் கல்யாணப் பாக்கு வைக்க வரும்போது வேலுசாமியின் வாசலைத் தாண்டிப் போனார்கள். சின்னாயிக்கு அது உறுத்தாமலில்லை. ஆனால் அதைப் பற்றி அவள் ஒருநாளும் புருஷனிடம் குறை சொன்னதில்லை.

கச்சேரி நடந்தது. ஜெர்மன் சண்டைக் காலம் வந்து மண்ணெண்ணெய்க்கும் அரிசிக்கும் பஞ்சமான பிறகு கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். வேலுசாமிக்குக் கனத்த சத்தங்களும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் இரண்டு பேரும் கடைசியாகப் பாடினார்கள். அது கடைசி என்று யாரும் அப்போது நினைக்கவில்லை. பாட்டு முடிந்து சாப்பிட்டுவிட்டு, வெய்யில் தாழ்ந்ததும் சாதாரணமாக அவரவர் ஊருக்குத் திரும்பினார்கள். அடுத்த மாதம் பெட்டிமுன் உட்கார்ந்தபோது வேலுசாமிக்கு எதுவுமே கேட்கவில்லை. கொஞ்சநேரம் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினான்.

அதன்பிறகு மண்வெட்டியை எடுத்தான். இளவயதில் பிடிக்காத வேலை, நாற்பதில் பிடித்துப்போயிற்று. கிணற்றை ஆழப்படுத்தினார்கள், ஊற்றுக் கண் கிடைத்தது. மேட்டுக்காட்டில் மிளகாயும் ராகியும் விளைந்தன. பாட்டுக் கட்டுவதை மட்டும் அவன் விடவில்லை. வரப்பில் உட்கார்ந்து மனதுக்குள் கட்டி, கமலவேணி வரும்போது வாயால் சொல்லுவான். அவள் மெட்டுப் போட்டுக்கொண்டு, சூரமங்கலம் வாசகசாலையில் பாடுவாள். யார் கட்டியது என்று கேட்டால் எங்கள் அண்ணன் என்பாள்.

ஆடிப் பதினெட்டுக்கு அவள் வருவது தவறாது. சண்டை முடிந்த மறுவருஷம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மகளுக்கு ஐந்து வயது. சின்னாயி வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள், பச்சைப்பயறு கடைந்தாள். புதுப்புடவை எடுத்து வைத்திருந்தாள். அன்று மத்தியானம், பக்கத்துத் தோட்டத்துக்குப் புதிதாகக் குடிவந்திருந்த செல்லாயி குடத்தோடு கிணற்றடிக்கு வந்தவள், துவைகல்லில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த கமலவேணியைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இவிங்க யாருங்க? சொந்தமுங்களா?"

"எங்க நாத்தனாருங்க" என்றாள் சின்னாயி, வாளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "சூரமங்கலத்துல கட்டிக் குடுத்திருக்குது."

"அதான பாத்தேன். மொகச்சாடை அப்படியே அண்ணனாட்டவே இருக்குது."

கமலவேணியும் சின்னாயியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். செல்லாயிக்கு ஒன்றும் புரியவில்லை. அவளும் சேர்ந்து சிரித்தாள். மடையைத் திருப்பிவிட்டு வந்த வேலுசாமி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னங் அம்மிணி, எதுக்குச் சிரிக்கறீங்க?"

கமலவேணி எழுந்து அவனுக்கு நேர் எதிரே வந்து நின்று, உதட்டை நிதானமாக அசைத்துச் சொன்னாள்.

"எனக்கு உங்க முகஜாடையாம் அண்ணா."

வேலுசாமி அவளை ஒருமுறை பார்த்தான்.

"அதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குது?" என்று கேட்டுவிட்டு, அடுத்த பாத்திக்குத் தண்ணீர் கட்டப் போனான்.